ஏரி நடுவில் ஒரு பாடம்



சென்ற இதழில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? "தங்கைக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா வரை போனீர்களே, அங்கே வேறு என்ன பார்த்தீர்கள்? நயாகரா பார்த்தீர்களா?" என்று சகோதரிகள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

நயாகராவும் பார்க்கவில்லை, நியூயார்க்கும் பார்க்கவில்லை. நான் பார்த்தது மலை மேல் இருக்கும் ஒரு சின்ன ஏரி. பார்த்ததோடு நிற்கவில்லை. அதற்குள் தொப்பென்று விழுந்தும் விட்டேன்! அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். சிரிப்பதற்கு மட்டுமல்ல, தாய்மார்களாகிய நாம் யோசிப்பதற்கும் அதில் விஷயம் இருக்கிறது.

ஏரிக்குப் போகும் முன்பு எங்கள் வீட்டுப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிறந்த ஊர் குளித்தலைப் பக்கம். காவிரிக் கரை. வாசலில் இறங்கி நடந்தால் படித்துறை. என் பெரியப்பாவுக்கு ஒரே பிள்ளை. எங்களுக்கெல்லாம் அவர்தான் அண்ணன். பெரியம்மா அவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். தெருப் பையன்களெல்லாம் ஐந்து வயதிலேயே காவிரியில் குதித்து நீந்துவார்கள். அண்ணனை மட்டும் முழங்கால் தண்ணீருக்கு மேல் விட மாட்டார் பெரியம்மா. அப்போது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. ஆடி மாதம், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்த நேரம். பையன்கள் நாலைந்து பேரோடு அண்ணனும் படித்துறைக்குப் போயிருக்கிறார். பாசிப் படியில் கால் வழுக்கியது என்று சொன்னார்கள். மற்றப் பையன்கள் கரை ஏறிவிட்டார்கள். அண்ணன் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடிப்பெருக்குக்கு யாரும் ஆற்றுக்குப் போனதில்லை. அம்மா ஒரு குடத்தில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் பூசி, பூ வைத்து, வீட்டுக்குள்ளேயே கும்பிட்டுவிடுவார். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழியை அம்மா சொல்லாத நாளில்லை. எனக்கும் தங்கைக்கும் நீச்சல் என்ற பேச்சே கிடையாது.

பயம் ஒட்டுவாரொட்டி. அம்மாவிடமிருந்து எனக்கு ஒட்டியது. எனக்குக் கல்யாணமாகி, 2002-ல் இவர் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார். புதுப் பெண்ணைப் படகில் வைத்துத் துடுப்புப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் ஏரிக்கரைப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "தலை சுற்றுகிறது" என்று பொய் சொன்னேன். பாவம், தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அந்தப் படகின் எதிர் இருக்கை காலியாகப் போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதோடு விட்டேனா? என் மகள் ஆறாவது படிக்கும்போது பள்ளியில் நீச்சல் கற்றுத் தருவதாகப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டுத் தாள் அனுப்பினார்கள். அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டவள் நான்தான். குழந்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஏரிக்கு வருவோம்.

தங்கை குடும்பம் இருப்பது ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில். 2023 மே மாதம் அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு முட்டி வலி; அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. ஆகவே நான் போனேன். ஆடிப் பதினெட்டு வந்தது. தங்கையும் அம்மாவைப் போலவே குடத்துத் தண்ணீருக்குப் பூ வைத்துக் கும்பிட்டாள். அந்த வாரச் சனிக்கிழமை, "நாலு சுவருக்குள்ளேயே இருக்கீங்களே அக்கா! சித்ரான்னம் கட்டுங்க, ஏரிக்குப் போகலாம்" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

புளியோதரை, எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், வடகம் எல்லாம் கட்டிக்கொண்டு விடியற்காலையே கிளம்பினோம். கார் மேல் நீள நீளமாக இரண்டு பிளாஸ்டிக் படகுகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நண்பரிடம் இரவல் வாங்கியதாம். அவற்றுக்குக் கயாக் என்று பெயர்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் தூண் தூணாக ஊசியிலை மரங்கள். ஏரியின் பெயர் டிரில்லியம். டிரில்லியம் என்பது அந்தக் காடுகளில் வசந்த காலத்தில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூ. வில்வ இலை போல மூன்று இலை, அதன் மேல் மூன்று இதழ். ஏரி சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. கரையில் நின்று நிமிர்ந்தால் எதிரே ஹூட் மலை. 11,200 அடிக்கு மேல் உயரம். தூங்கும் எரிமலை என்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்திலும் உச்சியில் பனி. காற்று அசையாத காலை நேரத்தில் அந்த மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரிகிறது. கோலத்தின் மேல் பாதியைப் போட்டுவிட்டுக் கீழ்ப் பாதியைத் தண்ணீரே போட்டுக்கொண்டது போல!

ஏரியின் அளவு என்ன தெரியுமா? சுமார் 60 ஏக்கர். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் கொடைக்கானல் ஏரியும் அதே 60 ஏக்கர்தான். இரண்டுமே இயற்கையாக உண்டானவை அல்ல. கொடைக்கானலில் 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். மீன் குஞ்சு விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டு வந்ததும் அவர்தான். பிறகு 1890-ல் அங்கே படகுக் குழாம் வந்தது. அந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப் பாதையில் நாம் பார்க்கும் வெள்ளி அருவி. டிரில்லியமோ 1960-ல் ஓர் ஓடைக்கு அணை போட்டதால் உண்டானது. ஓடை இருந்த ஈர நிலம்தான் இன்றைக்கு இந்த அழகு. ஒரே அளவு ஏரி, இருபத்தோரு வருஷம் கழித்து மறுபடியும் என் எதிரில் வந்து நின்றது. இந்தத் தடவையும் நான் முதலில் தேடியது உட்காரப் பெஞ்சு இருக்கிறதா என்றுதான்!

பெட்ரோல் மோட்டார் படகுகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆகவே சத்தமே இல்லை. தண்ணீரில் துடுப்பு விழும் 'களுக், களுக்' ஓசையும் குழந்தைகளின் சிரிப்பும்தான். வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர், வயது எழுபதுக்குக் குறையாது, தானே படகைத் தண்ணீருக்குள் இழுத்து விட்டு, ஏறி உட்கார்ந்து, போய்க்கொண்டே இருந்தார். எங்கள் பாட்டி அந்த வயதில் கட்டிலை விட்டு இறங்கவே இரண்டு பேர் வேண்டும்.

தங்கையின் மூத்த பெண்ணுக்கு எட்டு வயது. உயிர்காப்புச் சட்டையை, அதுதான் லைஃப் ஜாக்கெட், தானே மாட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, நீங்களும் வாங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுடா கண்ணு."

"ஏன்? உங்க அம்மா கத்துக் கொடுக்கலையா?"

"இல்லை."

"அப்ப அக்காவுக்கு?" என் மகளைத்தான் கேட்டாள்.

"அவளுக்கும் தெரியாது."

குழந்தை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "நீங்களும் கத்துக் கொடுக்கலையா?" என்றாள். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கேட்க வேண்டிய கேள்வியை இத்தனை வருஷத்தில் யாருமே கேட்கவில்லையே!

"சரி, வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

புடவையோடு ஏறக் கூடாது என்றார்கள். புடவையோ துப்பட்டாவோ தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். தங்கையின் கால்சட்டையை மாட்டிக்கொண்டேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

உயிர்காப்புச் சட்டை போடும்போது தங்கை வீட்டுக்காரர் ஒரு பரீட்சை வைத்தார். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள் பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை மோவாய்க்கு மேல் ஏறினால் அது நமக்குப் பெரிசு. தண்ணீரில் விழுந்தால் முகத்தை மூடும். ஏறாமல் நின்றால்தான் சரியான அளவு. "வளர்ற பிள்ளைதானே என்று ஒரு அளவு பெரிசா வாங்கற வழக்கம் இதுக்கு மட்டும் உதவாது அக்கா" என்றார். அந்த மாநிலத்தில் 12 வயது வரை உள்ள குழந்தைகள் படகு நகரும்போது இதைக் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு சட்டை படகில் இருந்தே ஆக வேண்டும். ஊதுகுழல் ஒன்றும் வேண்டும். அதைக் கயிறு கட்டி என் சட்டையில் மாட்டிவிட்டாள் குழந்தை.

கயாக் என்பது நம் ஊர்ப் படகு போல அகலம் கிடையாது. ஒல்லியாக, நீளமாக இருக்கிறது. துடுப்பு ஒன்றுதான், அதற்கு இரு முனையிலும் தட்டை உண்டு. வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். நாங்கள் எடுத்துப் போனது மேலே உட்காரும் வகை. காலை உள்ளே நுழைக்கும் வகையும் இருக்கிறது. மேலே உட்காரும் வகை கவிழ்ந்தாலும் நாம் உள்ளே சிக்கிக்கொள்ள மாட்டோம். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் நல்லது.

பள்ளியில் நாம் எஸ்கிமோக்கள் என்று படித்தோமே, அந்தப் பனிப் பிரதேச இனுயிட் மக்கள் கண்டுபிடித்ததாம் இது. மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். அதில் ஏறி ஆண்கள் வேட்டைக்குப் போவார்கள். தோலைத் தைப்பது யார் தெரியுமா? பெண்கள்! ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் தைக்க வேண்டும். தையல் விட்டால் கட்டியவன் உயிர் போய்விடும். குடும்பமும் சாமான்களும் போவதற்குப் பெரிய தோல் படகு ஒன்றும் உண்டு. அதற்குப் 'பெண்கள் படகு' என்றே பெயர். பெண்களே துடுப்புப் போடுவார்களாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதலில் இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் என்னை முன்னால் உட்கார வைத்து, அவர் பின்னால் இருந்து சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தை அதற்கென்று உள்ள பள்ளத்தில் அழுத்திக்கொள்ள வேண்டும். துடுப்பைத் தலை மேல் வைத்துப் பிடித்தால் முழங்கை இரண்டும் 'ட' எழுத்துப் போல மடங்க வேண்டும். கைகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி சரி. துடுப்பைப் பாதத்துக்கு நேரே தண்ணீரில் நட்டு, இடுப்பு வரை இழுத்து, எடுத்துவிட வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். மோர் கடையும்போது மத்துக் கயிற்றை இழுக்க உடம்பும் சேர்ந்து ஆடுமே, அப்படி இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். வலது பக்கம் போட்டால் படகு இடது பக்கம் திரும்பும். இடது பக்கம் போட்டால் வலது பக்கம். நிறுத்த வேண்டுமானால் துடுப்பைப் பின்னாலிருந்து முன்னால் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அரை மணியில் கை பழகிவிட்டது. ஏரி நடுவில் மலையின் நிழல் மேலேயே போனோம். துடுப்பு பட்டதும் மலை உடைந்து ஆடுகிறது; கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சேர்ந்துகொள்கிறது. என் வாழ்நாளில் முதல் தடவையாக நாலு பக்கமும் தண்ணீர் சூழ உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடப்பது நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

கரைக்கு வந்ததும், "நான் தனியாகப் போகட்டுமா?" என்று கேட்டது நானேதானா என்று எனக்கே சந்தேகம். "கரையோரமாகவே போங்க அக்கா. நாங்க பக்கத்திலேயே வர்றோம்" என்று அவரும் குழந்தையும் பெரிய கயாக்கில் ஏறிக்கொண்டார்கள். எனக்குச் சின்னது. இருபது முப்பது வீச்சுப் போனேன். ராணி மாதிரிதான்!

ஏரியின் ஓரத்தில் அல்லி இலை மாதிரி இலைகள் மிதந்தன. நடுவே மஞ்சள் பூ. பூவைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? துடுப்பை மடியில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து கையை நீட்டினேன். அடுத்த கணம் வானம் கீழே, தண்ணீர் மேலே.

அந்த ஜில்லிப்பை எப்படிச் சொல்வேன்! ஆகஸ்ட் மாதம் என்பதால் மற்ற மாதங்களை விடத் தண்ணீர் பதமாகத்தான் இருக்குமாம். திருச்சி வெயிலில் காய்ந்த உடம்புக்கு அது ஐஸ் தண்ணீர். மூச்சு 'ஹக்' என்று தானாக உள்ளே இழுத்தது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. அந்த நொடியில் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அண்ணனும் இப்படித்தான் கத்த முடியாமல் இருந்திருப்பாரோ என்று.

ஆனால் நான் முழுகவில்லை. சட்டை என்னை மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. தலை வெளியே இருந்தது. கரையில் கைக்குழந்தையோடு நின்ற தங்கை "அக்கா!" என்று அலறுவது கேட்டது. எட்டு வயதுக் குழந்தை மட்டும் பதறவே இல்லை. "பெரியம்மா, சட்டை போட்டிருக்கீங்க, ஒண்ணும் ஆகாது. முதல்ல மூச்சு விடுங்க. படகைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். அவள் சொன்னபடி மூச்சை விட்டேன். படகைப் பிடித்தேன். கவிழ்ந்த படகும் மிதந்துகொண்டுதான் இருந்தது. தங்கை வீட்டுக்காரர் தன் படகின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என்னைக் கரைக்கு இழுத்து வந்தார். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்குமா? எனக்கு அது ஒரு யுகம்.

கரையில் துணி மாற்றி, கம்பளி போர்த்தி, ஃபிளாஸ்க்கில் இருந்த சுக்குக் காப்பியைக் கொடுத்தாள் தங்கை. அழுதாள், திட்டினாள். பிறகு என் தலையைத் துவட்டியபடியே சிரிக்கவும் செய்தாள். "பூப் பறிக்க நல்ல இடம் பார்த்தே!" அன்றைக்குச் சாப்பிட்ட புளியோதரை ருசி மறக்க மாட்டேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே மறுநாள் காலை ஒன்பதரை. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தபோது அம்மா பேசினார்.

"உங்க பெரியம்மா அவனைத் தண்ணிப் பக்கமே விட்டதில்லை. மத்தப் புள்ளைங்க எல்லாம் நீந்திக் கரை ஏறிடுச்சு. இவனுக்குத்தான் தெரியலை." கொஞ்சம் நிறுத்தி, "அதைச் சொன்னா அவ மனசு உடைஞ்சு போயிடும்னு நான் யார்கிட்டேயும் சொல்லலை" என்றார்.

நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அம்மா அதை மனசுக்குள் வைத்திருக்கிறார்! பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் செய்ததைத்தான் நானும் என் மகளுக்குச் செய்துகொண்டிருந்தேன். அன்பினால்தான் செய்தோம். ஆனால் பயம் குழந்தையைக் காப்பாற்றாது. பழக்கம்தான் காப்பாற்றும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். காலையே விடாதே என்று சொல்லவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயது நிரம்பாத சிசுக்கள். ஏரி, ஆறு வரை போக வேண்டாம்; நம் வீட்டு பக்கெட்டும், மூடாத தொட்டியும் போதும். மூழ்கும் குழந்தை சினிமாவில் போலக் கையை ஆட்டிக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். அதை நான் ஒரு நொடி அனுபவித்துவிட்டதால் சொல்கிறேன்.

கோடை விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்பும் சகோதரிகளுக்காகச் சில குறிப்புகள்:

1. துடுப்புப் படகோ, பெடல் படகோ, கயாக்கோ, எதுவானாலும் கரையிலேயே உயிர்காப்புச் சட்டையை மாட்டிக் கொக்கி போட்டுவிட்டு ஏறுங்கள். "வெயிலாக இருக்கிறது, போட்டோ எடுக்கும்போது நன்றாக இல்லை" என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். மடியில் இருக்கும் சட்டை மிதக்கும்; நாம் மிதக்க மாட்டோம். கொக்கி உடைந்த சட்டையைக் கொடுத்தால் கேட்டு மாற்றி வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2. சின்னக் குழந்தைகளின் சட்டையில் தொடைக்கு நடுவே ஒரு பட்டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டை தலை வழியாகக் கழன்றுவிடும்.

3. படகில் எழுந்து நிற்காதீர்கள். இடம் மாறி உட்காராதீர்கள். பூவுக்கும் பந்துக்கும் கை நீட்டாதீர்கள். என் கதை போதும்!

4. மலை ஏரித் தண்ணீர் குளிர்ந்தது. திடீரென்று விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் மூச்சு இழுக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் உள்ளே போனால்தான் ஆபத்து. கையைக் காலை அடிக்காமல், முதல் ஒரு நிமிஷம் மூச்சைச் சரி செய்வதே வேலை. படகு கவிழ்ந்தாலும் அதை விட்டுக் கரையை நோக்கிப் போக முயலாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

5. மேகம் கூடினாலோ, இடி கேட்டாலோ, காற்று எழுந்தாலோ உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

6. யாராவது மூழ்கினால், நீச்சல் தெரியாதவர்கள் குதிக்கவே கூடாது. கரையில் இருந்தபடியே கயிறு, கம்பு, காலிப் பிளாஸ்டிக் குடம், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசி இருவரை இழுத்துக் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. நம் புடவைக்கு இப்படியும் ஒரு பெருமை!

7. துடுப்புப் போடுவது தோள், முதுகு, வயிற்றுத் தசைகளுக்கு நல்ல பயிற்சி. மறுநாள் எனக்குத் தோளும் தொடையும் இரண்டு நாள் வலித்தன. வெந்நீர் ஒத்தடத்தில் சரியாகிவிட்டது. ஏறும் முன்பு கையைச் சுழற்றி, இடுப்பைத் திருப்பிக் கொஞ்சம் தயாராகிக்கொள்ளுங்கள். தோள் இறுகிப் போனவர்கள், முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி உடம்பு தேறாதவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும். தொப்பியும் குடிதண்ணீரும் மறக்காதீர்கள். குளிரில் வெயில் உறைக்காது. ஆனால் முகம் கருத்துவிடும்.

திரும்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம், மகளிடம் மன்னிப்புக் கேட்டது. "கிழிச்சுப் போட்ட தாளுக்கா அம்மா? அதை நான் மறந்தே போயிட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். 2024 கோடையில் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று இருந்த காலை நேரத்தில் இருவரும் சேர்ந்தோம். அவள் பத்தே நாளில் மீனாகிவிட்டாள். எனக்கு மிதப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. இப்போது குளத்தின் அகலத்தை நிற்காமல் கடந்துவிடுவேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குளத்தில் கற்ற நீச்சலை நம்பி ஆற்று வெள்ளத்தில் இறங்கிவிடாதீர்கள். ஓடும் தண்ணீரும் சுழலும் வேறு சமாசாரம்.

அந்த வருஷ ஆடிப்பெருக்கு அன்று அம்மாவை அழைத்துக்கொண்டு காவிரிக்குப் போனோம். அம்மா குடத்தை எடுத்து வைக்கவில்லை. படித்துறைக்கு மேலேயே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூவைத் தண்ணீரில் விட்டார். இரண்டு பூ விட்டார். ஒன்று காவிரித் தாய்க்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கொடைக்கானலுக்கும் ஒரு தடவை போக வேண்டும் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர் இருக்கையில் உட்கார அல்ல. துடுப்பு இந்தத் தடவை என் கையில்தான்!

உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா சகோதரிகளே? உங்களுக்கு? எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.